ஐயாயிரத்து நூறு ஓம்

புதிதாக ஒரு சார்ஜர் வாங்குகிறோம். 65 வாட் என்று அதன் முதுகில் அச்சிட்டிருக்கிறது, விலையும் அதற்கேற்றபடி. போனுக்குப் போட்டால் மளமளவென்று ஏறுகிறது. லேப்டாப்புக்கும் ஏறுகிறது. அதே சார்ஜரையும் அதே கேபிளையும் ஒரு டார்ச் லைட்டுக்கோ டிரிம்மருக்கோ போட்டால் ஒரு சலனமும் இல்லை. கருவி போய்விட்டது என்றே தோன்றுகிறது. அது வந்த அட்டைப்பெட்டியைத் துழாவினால் மெலிந்த வயர் ஒன்று கிடைக்கிறது. ஒரு பக்கம் பழைய அகலமான யுஎஸ்பி, மறுபக்கம் டைப்-சி. எப்போதோ வாங்கிய 5 வாட் சார்ஜரில் அதைக் குத்தியதும் சிவப்பு விளக்கு எரிகிறது. பேட்டரி ஏறத் தொடங்குகிறது.

வீட்டுக்கு வீடு நடக்கும் சங்கதி இது. வலுவான சார்ஜரால் முடியாதது நோஞ்சான் சார்ஜரால் எப்படி முடிகிறது? எல்லாக் கருவிக்கும் ஒரே வயர் என்று சொல்லித்தானே டைப்-சி வந்தது?

விடை ஓர் அரிசிமணியைவிடச் சிறிய ஒரு பொருளில் இருக்கிறது. அந்தப் பொருள் எங்கெல்லாம் விடுபட்டிருக்கிறது, எங்கே தவறாக வைக்கப்பட்டிருக்கிறது என்று தேடிப் போனால், டார்ச் லைட்டைவிடச் சுவையான ஒரு கருவிக் கூட்டத்தில் போய் நிற்போம். கைக்குள் அடங்கும், ஆனால் உண்மையான விசைப்பலகை கொண்ட சின்னஞ்சிறு கணினிகள் அவை. சிறு குழுக்கள் குறைந்த எண்ணிக்கையில் செய்பவை. உள்ளே இடம் மிகக் குறைவு. பேட்டரி, சார்ஜிங், விசைப்பலகை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக நெருக்கியிருக்கும். டைப்-சி மின்னேற்றத்தின் கோணல்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க இவற்றைவிட நல்ல இடம் இல்லை.

பைக்குள் ஒரு விசைப்பலகை

இந்த ஆசை புதிதல்ல. 1989-இல் அட்டாரி நிறுவனம் போர்ட்ஃபோலியோ என்ற மடக்குக் கணினியை வெளியிட்டது. 1994-இல் எச்பி 200எல்எக்ஸ் வந்தது. 1997-இல் இங்கிலாந்தின் சையான் நிறுவனம் வெளியிட்ட சீரிஸ் 5 இந்த வகையின் உச்சம் என்று பலர் சொல்வார்கள். நானும் அந்தக் கட்சி. மூடியைத் திறக்கும்போதே விசைப்பலகை முன்னோக்கி நகர்ந்து வந்து திரைக்கு முட்டுக்கொடுக்கும். மார்ட்டின் ரிடிஃபோர்டு வடிவமைத்த கீல் அது.

இந்த மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு: சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் ஏஏ பேட்டரியில் ஓடியவை. போர்ட்ஃபோலியோவுக்கு மூன்று, மற்ற இரண்டுக்கும் இரண்டிரண்டு. தீர்ந்தால் பெட்டிக்கடையில் வாங்கி மாற்றிக்கொள்ளலாம். சார்ஜரை நம்பி எதுவும் இல்லை.

2018-இல் அதே ரிடிஃபோர்டின் கைவண்ணத்தில் லண்டனின் பிளானட் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனம் ஜெமினி என்ற கருவியைக் கொண்டுவந்தது. தோற்றத்தில் சையானின் பேரப்பிள்ளை. உள்ளே ஆண்ட்ராய்டு போன். வண்ணத்திரை, வைஃபை, சிம் கார்டு என்று சேர்ந்துகொண்ட பிறகு ஏஏ பேட்டரி எந்த மூலைக்கு? லித்தியம் பேட்டரி உள்ளே போனது. டைப்-சி போர்ட் வெளியே வந்தது. அதன் பின் வந்த கணினிகள் பெரும்பாலும் இதே பாதையில்தான் நடந்தன. பேட்டரி எப்போது தீரும் என்ற பழைய கவலையோடு, எந்தச் சார்ஜரில் ஏறும் என்ற புதிய கவலையும் சேர்ந்துகொண்டது.

மின்சாரம் இல்லாத போர்ட்

பழைய அகலமான யுஎஸ்பி போர்ட்டில் எப்போதும் 5 வோல்ட் இருக்கும். எதையும் செருகாவிட்டாலும் இருக்கும். செருகியவர் யார், எவ்வளவு வேண்டும் என்றெல்லாம் அது பார்ப்பதில்லை.

டைப்-சி போர்ட் அப்படியல்ல. 2014 ஆகஸ்டில் வெளியான அதன் தரக்குறிப்பு சொல்வது இதுதான்: மறுமுனையில் மின்சாரம் கேட்கும் கருவி ஒன்று இருப்பது உறுதியாகும் வரை, மின்னோட்டம் போகும் முனைகளில் சார்ஜர் எதையும் தரக்கூடாது. சும்மா கிடக்கும் டைப்-சி சார்ஜரின் வாயில் மீட்டரை வைத்தால் பூஜ்யம் காட்டும்.

இந்த எச்சரிக்கைக்கு நல்ல காரணம் இருக்கிறது. பழைய வயரில் இரண்டு முனைகளும் வேறுவேறு வடிவம். கணினிப் பக்கம் எது, கருவிப் பக்கம் எது என்று வடிவமே சொல்லிவிடும். டைப்-சி வயரில் இரு முனையும் ஒன்றுபோல் இருக்கும். தலைகீழாகவும் செருகலாம். ஒரு சார்ஜரை இன்னொரு சார்ஜரோடு இணைத்துவிடவும் ஒருவரால் முடியும். எப்போதும் மின்சாரம் இருந்தால் அங்கே இரண்டு மின்மூலங்கள் நேருக்கு நேர் மோதும். அதனால், முதலில் அடையாளம், பிறகு மின்சாரம்.

முழுமையான டைப்-சி போர்ட்டின் உள்ளே 24 தொடுமுனைகள் இருக்கின்றன. பெரும்பாலானவை மின்சாரத்துக்கும் தகவல் பரிமாற்றத்துக்கும். அவற்றில் இரண்டை மட்டும் நாம் கவனித்தால் போதும். எதிரெதிர் பக்கத்தில் ஒன்றுக்கொன்று சமச்சீராக இருக்கும் அந்த இரண்டையும் இந்த அத்தியாயத்தில் சேதிமுனைகள் என்று அழைப்போம். கேபிளுக்குள் இவற்றுக்காக ஓடுவது ஒரே ஒரு கம்பி. பிளக்கை எந்தப் பக்கம் செருகினாலும் அந்தச் சேதிக்கம்பி போர்ட்டின் இரண்டு சேதிமுனைகளில் ஏதோ ஒன்றில்தான் போய்த் தொடும். எதில் தொட்டது என்பதை வைத்தே பிளக் நேராக வந்ததா, தலைகீழாக வந்ததா என்று கருவி தெரிந்துகொள்கிறது.

கயிற்றின் நடுவில் ஒரு துணி

சார்ஜர் தன் பக்கத்தில் சேதிக்கம்பியை ஒரு மின்தடை வழியாக 5 வோல்ட்டோடு இணைத்திருக்கும். மின்தடை என்றால் எலக்ட்ரானிக்ஸ் கடையில் ரெசிஸ்டர் என்று கேட்டு வாங்குவோமே, அதுதான். மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் சின்னத் துண்டு. கருவி தன் பக்கத்தில் அதே கம்பியை வேறொரு ரெசிஸ்டர் வழியாகத் தரையோடு, அதாவது பூஜ்ய வோல்ட்டோடு இணைத்திருக்கும். ஆக ஒருவர் மேலே இழுக்கிறார், மற்றவர் கீழே இழுக்கிறார். கயிறு இழுக்கும் போட்டியில் நடுவே கட்டிய துணி எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்தால் இழுப்பவர்களின் பலம் தெரிந்துவிடும். சேதிக்கம்பியின் வோல்ட் அளவுதான் அந்தத் துணி.

கருவியின் இழுப்பு எப்போதும் ஒரே அளவு: 5,100 ஓம். சிறிய கருவியோ பெரிய லேப்டாப்போ, இந்த எண் மாறாது. சார்ஜரின் இழுப்புதான் அதன் திறனுக்கேற்ப மாறும். 3 ஆம்பியர் தரக்கூடிய சார்ஜர் 10,000 ஓம் ரெசிஸ்டர் வைத்திருக்கும். 1.5 ஆம்பியர் தருவது 22,000 ஓம். பழைய யுஎஸ்பி அளவுக்குத்தான் தரமுடியும் என்றால் 56,000 ஓம். ஓம் எண்ணிக்கை கூடக் கூட இழுப்பு பலவீனம்.

மூன்று ஆம்பியர் சார்ஜரை எடுத்துக்கொள்வோம். மேலே 10,000, கீழே 5,100, மொத்தம் 15,100. 5 வோல்ட்டை இந்த 15,100-க்கும் சமமாகப் பங்கிட்டால், கருவியின் 5,100-க்கு விழும் பங்கு ஏறக்குறைய 1.7 வோல்ட். இதே கணக்கை 22,000 ஓமுக்குப் போட்டால் 0.94 வோல்ட்; 56,000 ஓமுக்குப் போட்டால் 0.42 வோல்ட். கருவி இந்த அளவைப் பார்த்து, ‘1.23 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது, ஆக 3 ஆம்பியர் எடுக்கலாம்’ என்று முடிவு செய்கிறது. இதே அளவுகளை ரெசிஸ்டர் இல்லாமல் வேறு மின்சுற்றால் உண்டாக்கும் சார்ஜர்களும் உண்டு. கருவிக்கு வித்தியாசம் தெரியாது.

சார்ஜரும் அதே வேளையில் பார்த்துக்கொண்டிருக்கிறது. கீழே இழுப்பவர் யாரும் இல்லையென்றால் கம்பி உச்சியில் நிற்கும். யாரோ 5,100 ஓம் வலுவில் இழுக்கிறார் என்று தெரிந்ததும், பத்தில் ஒன்று முதல் பத்தில் இரண்டு நொடி வரை பொறுத்து, அது நிலையாக இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளும். பிறகுதான் மின்முனைகளில் 5 வோல்ட் வரும். செருகியதும் நாம் உணரும் அந்தச் சின்னத் தாமதத்துக்குள் இவ்வளவும் நடந்து முடிகிறது. சில்லு வேண்டாம், மென்பொருள் வேண்டாம். எனக்கு இந்த வடிவமைப்பின் மீது பெரிய மரியாதை. இவ்வளவு எளிய பொருளைக்கொண்டு இவ்வளவு பாதுகாப்பான ஏற்பாட்டைச் செய்வது அரிது.

விடுபட்ட ரெசிஸ்டர்

இப்போது புதிருக்கு விடை எளிது. அந்த டார்ச் லைட்டின் டைப்-சி போர்ட்டில் 5,100 ஓம் ரெசிஸ்டர்களே இல்லை. பழைய மைக்ரோ யுஎஸ்பி போர்ட்டைக் கழற்றிவிட்டு, அதே இரண்டு மின்கம்பிகளை டைப்-சி போர்ட்டில் ஒட்டியிருக்கிறார்கள். வெளித்தோற்றம் புதியது, உள்ளே பழையது. புதிய சார்ஜர் சேதிக்கம்பியைப் பார்க்கிறது. கீழே இழுப்பவர் யாரும் இல்லை. அதன் கணக்கில் வயரின் மறுமுனையில் எதுவுமே செருகப்படவில்லை. சரியாக நடந்துகொள்ளும் சார்ஜர் என்பதால்தான் அது மின்சாரம் தர மறுக்கிறது.

பழைய வயரில் நிலைமை வேறு. அகலமான போர்ட்டில் 5 வோல்ட் எப்போதும் இருக்கிறது. வயர் அதை அப்படியே கொண்டுபோய்க் கருவியில் விடுகிறது. கேள்வி இல்லை, பதில் இல்லை. சேதிக்கம்பிக்காக அந்த வயரின் டைப்-சி முனைக்குள்ளேயே 56,000 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் புதைத்திருப்பார்கள். ‘நான் பழைய வகை மூலத்தோடு இணைந்திருக்கிறேன், பார்த்து எடு’ என்று கருவிக்குச் சொல்வது அதன் வேலை.

அந்த வேலையையும் சிலர் கெடுத்தார்கள். டைப்-சி பரவத் தொடங்கிய 2015, 2016 ஆண்டுகளில் கூகுள் பொறியாளர் பென்சன் லியுங், இணையக் கடைகளில் விற்ற வயர்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சோதித்து முடிவுகளை வெளியிட்டார். 56,000 ஓம் இருக்கவேண்டிய இடத்தில் 10,000 ஓம் வைத்த வயர்கள் பல அகப்பட்டன. அப்படிப்பட்ட வயர், 3 ஆம்பியர் எடுக்கலாம் என்று கருவிக்குப் பொய் சொல்கிறது. மறுமுனையில் அரை ஆம்பியருக்கென்று கட்டிய பழைய போர்ட் இருந்தால் அது சூடேறித் தவிக்கும். மின்முனையும் தரைமுனையும் இடம் மாறி ஒட்டப்பட்ட ஒரு வயரால் அவருடைய சோதனைக் கணினியே பழுதானது. 2016-இல் அமேசான், தரத்துக்கு உட்படாத டைப்-சி வயர்களை விற்கத் தடை விதித்தது. ஒரு தனிமனிதரின் பொறுமையான உழைப்பு கோடிக்கணக்கான கருவிகளைக் காத்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

கைக்கணினிகளில் இந்த விடுபடல் ஒரு படி நுட்பமாக வெளிப்படுவதுண்டு. இரண்டு சேதிமுனைகளில் ஒன்றுக்கு மட்டும் ரெசிஸ்டர் வைத்திருந்தால், பிளக்கை ஒரு பக்கமாகச் செருகும்போது ஏறும். திருப்பிச் செருகினால் ஏறாது. பார்ப்பவர் போர்ட் தேய்ந்துவிட்டது என்று நினைப்பார்.

2019-இல் ஒரு ரெசிஸ்டர்

ரெசிஸ்டர் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று பார்த்தோம். இருந்தும், தவறான முறையில் இருந்தால்? இதற்கு எல்லாருக்கும் தெரிந்த, ஆவணங்களோடு கூடிய ஒரு நிகழ்வு இருக்கிறது. சற்று நின்று பார்க்கத் தக்கது.

2019 ஜூனில் ராஸ்பெர்ரி பை 4 வெளியானது. கடன் அட்டை அளவுள்ள கணினிப் பலகை. கையால் செய்யப்படும் எத்தனையோ பைக்கணினிகளுக்கு இந்தக் குடும்பத்துப் பலகைகள்தான் மூளை. பை 4-இல் முதல்முறையாக டைப்-சி மின் போர்ட் வந்தது. வெளியான சில நாட்களிலேயே புகார் எழுந்தது: சில கேபிள்களில் ஓடுகிறது, சிலவற்றில் உயிர் வரவே இல்லை. வியப்பு என்னவென்றால், மலிவான வயர்களில் ஓடியது. லேப்டாப்புகளோடு வரும் தடித்த, தரமான கேபிள்களில்தான் ஓடவில்லை.

தரக்குறிப்பின்படி இரண்டு சேதிமுனைகளுக்கும் தனித்தனியாக ஒவ்வொரு 5,100 ஓம் ரெசிஸ்டர் வேண்டும். பை 4-இல் இரண்டு முனைகளையும் ஒன்றாக இணைத்து, இரண்டுக்கும் பொதுவாக ஒரே ஒரு ரெசிஸ்டர் வைத்திருந்தார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகவே தோன்றும். எப்படியும் ஒரு முனையில்தானே சேதிக்கம்பி தொடப்போகிறது? மற்றது சும்மா கிடக்குமே?

சாதாரண வயரில் அது சும்மாதான் கிடக்கும். பிளக்கின் அந்தப் பக்கத்து முனையில் எதுவும் இணைக்கப்பட்டிருக்காது. ஆகவே சார்ஜர் 5,100 ஓம் இழுப்பைப் பார்க்கும்; மின்சாரம் தரும்; கணினி எழும்.

தடித்த கேபிளில் அந்த முனை சும்மா இல்லை. 3 ஆம்பியருக்கு மேல் தாங்கும் கேபிள் எதுவாக இருந்தாலும் அதற்குள் ஓர் அடையாளச் சில்லு இருக்கவேண்டும். நான் எத்தனை ஆம்பியர் தாங்குவேன், எவ்வளவு வேகம் தருவேன் என்று அந்தச் சில்லுதான் சொல்லும். அந்தச் சில்லுக்கு மின்சாரம் போவது மிச்சமிருக்கும் அந்த இன்னொரு முனை வழியாக. ‘இங்கே ஒரு சில்லு இருக்கிறது’ என்று காட்டுவதற்காகப் பிளக்கின் அந்த முனையில் சுமார் 1,000 ஓம் ரெசிஸ்டர் ஒன்று தரையோடு இணைக்கப்பட்டிருக்கும்.

இப்போது இந்தக் கேபிளைப் பை 4-இல் செருகுவோம். ஒரு முனையில் சேதிக்கம்பி. மற்ற முனையில் கேபிளின் 1,000 ஓம். பை 4 இரண்டையும் ஒன்றாக இணைத்துவிட்டதால், சேதிக்கம்பியைக் கீழே இழுப்பவர்கள் இருவர் ஆகிவிட்டார்கள்: கணினியின் 5,100 ஓமும், கேபிளின் 1,000 ஓமும். இருவர் சேர்ந்து இழுத்தால் இழுப்பு இன்னும் பலமாகும். ஓம் எண்ணிக்கை அந்த இரண்டில் சிறியதைவிடவும் குறையும். கணக்கிட்டால் 836 ஓம். 3 ஆம்பியர் சார்ஜரில் 1.7 வோல்ட் இருக்கவேண்டிய சேதிக்கம்பி 0.4-க்கும் கீழே சரிந்துவிடுகிறது.

இந்த நிலையில் சார்ஜர் என்ன நினைக்கும்? அதன் பக்கத்துப் பிளக்கிலும் கேபிள் சில்லின் 1,000 ஓம் ஒன்று இருக்கிறது. ஆக அதன் இரண்டு சேதிமுனைகளிலும் ஏறக்குறைய 1,000 ஓம் இழுப்பு தெரிகிறது. இரண்டு பக்கமும் இப்படித் தெரிந்தால் அதற்குத் தரக்குறிப்பில் தனி அர்த்தம் உண்டு: செருகப்பட்டிருப்பது ஹெட்போன் மாற்றி. ஹெட்போனுக்கு எதற்குச் சார்ஜ்? சார்ஜர் மின்சாரம் தராமல் இருந்துவிடுகிறது.

பலகையின் மின்சுற்று வரைபடத்தைப் பார்த்து ஓர் ஆர்வலர் இதைக் கண்டுபிடித்தார். பென்சன் லியுங்கும் விளக்கி எழுதினார். தவறு நேர்ந்திருப்பதை ராஸ்பெர்ரி பையின் நிறுவனர் எபென் அப்டன் ஒப்புக்கொண்டார்; அடுத்த பலகைத் திருத்தத்தில் அது சரிசெய்யப்பட்டது. 2020 நவம்பரில் விசைப்பலகைக்குள்ளேயே கணினியை அடக்கிய ராஸ்பெர்ரி பை 400 வந்தது, இந்தத் திருத்தத்துக்குப் பிறகுதான். அந்த ஒரு ரெசிஸ்டரின் நீளம் ஒரு மில்லிமீட்டர் அளவு. விலை சில காசுகள். ஆனாலும் இதை நான் அலட்சியத்தின் கதையாகப் பார்க்கவில்லை. சோதித்தபோது கைக்குக் கிடைத்த வயர்கள் எல்லாம் சில்லு இல்லாதவையாக இருந்திருந்தால் தவறு கண்ணில் பட்டிருக்க வழியே இல்லை. டைப்-சியில் ஒரு கருவியைச் சோதிப்பது என்றால் உலகத்தின் கேபிள் வகைகள் அனைத்தோடும் சேர்த்துத்தான் சோதிக்கவேண்டியிருக்கிறது.

100 வாட் இருந்தும் போதவில்லை

ரெசிஸ்டர் பேச்சு 5 வோல்ட்டோடு முடிந்துவிடும். அதிகபட்சம் 3 ஆம்பியர், அதாவது 15 வாட். அதற்கு மேல் வேண்டுமென்றால் அதே சேதிக்கம்பியின் வழியாகச் சார்ஜரும் கருவியும் இலக்க முறையில் செய்தி பரிமாறிக்கொள்கின்றன. சார்ஜர் முதலில் தன்னிடம் இருப்பதைப் பட்டியலிடும்: 5 வோல்ட், 9 வோல்ட், 15 வோல்ட், 20 வோல்ட், ஒவ்வொன்றிலும் இத்தனை ஆம்பியர். கருவி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். பிறகு சார்ஜர் வோல்ட்டை உயர்த்தும். இதற்குப் பவர் டெலிவரி என்று பெயர்.

இங்கேதான் சின்னக் கணினி வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். 100 வாட் சார்ஜர் என்றால் எந்த வோல்ட்டிலும் 100 வாட் தரும் என்று அர்த்தமில்லை. 20 வோல்ட்டில் 5 ஆம்பியர் என்றால்தான் 100. அதே சார்ஜர் 5 வோல்ட்டில் வழக்கமாக 3 ஆம்பியரோடு நின்றுவிடும். ராஸ்பெர்ரி பை 5-க்கு வேண்டியதோ 5 வோல்ட்டிலேயே 5 ஆம்பியர். 9 அல்லது 20 வோல்ட்டை வாங்கிக் குறைத்துக்கொள்ளும் மின்சுற்று அந்தப் பலகையில் இல்லை. அதனால் அந்த நிறுவனமே 5.1 வோல்ட்டில் 5 ஆம்பியர் தரும் 27 வாட் சார்ஜரைத் தனியாக விற்கிறது. வேறு சார்ஜர் போட்டால் கணினி ஓடும். ஆனால் அதில் செருகிய மற்ற யுஎஸ்பி கருவிகள் அனைத்துக்கும் சேர்த்து 600 மில்லிஆம்பியர்தான் தருவேன் என்று கட்டுப்படுத்திக்கொள்ளும். ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கை மாட்டினால் பற்றாக்குறை உடனே தெரிந்துவிடும். 27 வாட் சார்ஜரால் ஆவது 100 வாட் சார்ஜரால் ஆவதில்லை என்பதன் காரணம் இவ்வளவுதான்.

இரண்டு போர்ட், ஒரு வழி

ஜெமினியில் டைப்-சி போர்ட் இரண்டு இருந்தன, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. பார்ப்பதற்கு ஒரே மாதிரி. சார்ஜ் ஏறுவது இடப்பக்கத்தில் மட்டும். போர்ட்டின் வடிவம் அதன் திறமையைச் சொல்வதில்லை. டைப்-சியின் மிகப் பெரிய குறை இதுதான் என்பது என் எண்ணம். பக்கத்தில் ஒரு சின்ன மின்னல் குறியாவது போட்டிருந்தால் நல்லது.

இதைவிடக் கவனமாக இருக்கவேண்டியது பைன்போனின் விசைப்பலகை. பைன்64 அமைப்பின் பைன்போன் ஒரு லினக்ஸ் கைப்பேசி. அதன் முதுகு மூடியைக் கழற்றிவிட்டு விசைப்பலகைக் கூட்டைப் பொருத்தினால் சையானைப் போல மடக்குக் கணினியாக மாறிவிடும். கூட்டுக்குள் 6,000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றும் தனி டைப்-சி போர்ட் ஒன்றும் இருக்கின்றன. கூடு போனின் முதுகிலுள்ள ஸ்பிரிங் முனைகள் வழியாகப் போனுக்கு 5 வோல்ட் அனுப்பும். சாராம்சத்தில் அது விசைகள் முளைத்த பவர் பேங்க்.

சிக்கல் இங்கேதான். முதுகு முனைகளின் 5 வோல்ட் கம்பியும் போனின் சொந்த டைப்-சி போர்ட்டின் மின்முனையும் உள்ளே நேரடியாக இணைந்திருக்கின்றன. கூடு மாட்டியிருக்கும்போது யாரேனும் போனின் போர்ட்டில் சார்ஜரைக் குத்தினால், கூட்டின் 5 வோல்ட்டும் சார்ஜரின் மின்சாரமும் ஒரே கம்பியில் எதிரெதிராக நிற்கும். சேதிமுனைகள் தடுக்கப் பார்த்த மோதல், இங்கே அவற்றுக்குத் தெரியாமல் பின்வாசல் வழியாக நுழைந்துவிடுகிறது. கூடு மாட்டியிருந்தால் கூட்டின் போர்ட்டில் மட்டும்தான் சார்ஜ் போடவேண்டும் என்று பைன்64 ஆவணங்கள் அழுத்தமாக எச்சரிக்கின்றன. இன்னொரு கருத்தும் சேர்த்துச் சொல்லவேண்டும். 6,000 என்ற எண் பேட்டரியின் 3.7 வோல்ட்டில் கணக்கிட்டது. 5 வோல்ட்டுக்கு உயர்த்தும்போது அது 4,440 ஆகிவிடும். உயர்த்துவதிலும், மறுபடி போனின் பேட்டரிக்காகக் குறைப்பதிலும் வெப்பமாகப் போவது வேறு.

முழுவதும் தீர்ந்த பேட்டரி

பவர் டெலிவரிச் சில்லுள்ள கணினிகளில் 5,100 ஓம் இழுப்பைச் சில்லே உண்டாக்கும். சில்லு வேலை செய்ய மின்சாரம் வேண்டும். மின்சாரம் பேட்டரியிலிருந்து வரும். பேட்டரி அடியோடு தீர்ந்திருந்தால்? இழுப்பு இல்லை; இழுப்பு இல்லாததால் சார்ஜர் தராது; சார்ஜர் தராததால் சில்லு எழாது. தரக்குறிப்பு இதை முன்கூட்டியே யோசித்து, பேட்டரி இறந்த நிலையிலும் கருவி தன் இழுப்பைக் காட்டவேண்டும் என்கிறது. நல்ல சில்லுகள் மின்சாரமே இல்லாமலும் அந்த இழுப்பைக் காட்டும்படி செய்யப்பட்டிருக்கின்றன. அப்படி வடிவமைக்காத கணினி, ஒரு மாதம் அலமாரியில் கிடந்தால் புதிய சார்ஜரில் உயிர்த்தெழாது. 5 வோல்ட்டில் ஏறக்கூடிய கருவியானால், கேள்வி கேட்காத அந்தப் பழைய அகல முனை வயரில் பத்து நிமிடம் போட்டு எழுப்பிவிடலாம்.

பவர் பேங்க்கோடு இணைக்கும்போது வேறொரு குழப்பம். இரண்டும் மின்சாரம் தரவும் வாங்கவும் தெரிந்த கருவிகளாக இருந்தால், ஒவ்வொன்றும் மேல் இழுப்பையும் கீழ் இழுப்பையும் நொடிக்குப் பத்து, இருபது முறை மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டிருக்கும். எந்தக் கணத்தில் இருவரும் எதிரெதிர் நிலையில் பிடிபடுகிறார்களோ அதுவே ஒப்பந்தம். யாருக்கு யார் சார்ஜ் போடுகிறார் என்பது அந்தக் கணத்தைப் பொறுத்தது. விருப்பத்தை முன்பே சொல்லிவைக்கும் ஏற்பாடு தரக்குறிப்பில் உண்டு. அதைச் செயல்படுத்தாத கருவியில், காலையில் எடுத்துப் பார்த்தால் கணினி காலியாகவும் பவர் பேங்க் நிறைந்தும் இருக்கும். பிடுங்கித் திரும்பச் செருகினால் திசை மாறக்கூடும்.

பல பவர் பேங்க்குகளுக்கு இன்னொரு பழக்கம்: இழுக்கப்படும் மின்னோட்டம் சில பத்து மில்லிஆம்பியருக்குக் கீழே போனால், எதுவும் இணைக்கப்படவில்லை என்று கருதி அணைந்துவிடும். தூங்கும் சின்னக் கணினி எடுப்பதே அவ்வளவுதான். சிக்கனமாக இருப்பதே அதற்கு வினையாகிறது.

சட்டமும் சால்டரிங் அயனும்

ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுச் சார்ஜர் சட்டம் 2024 டிசம்பர் 28 முதல் நடைமுறைக்கு வந்தது. கைப்பேசி, டேப்லெட், கேமராவோடு கம்பியில்லா விசைப்பலகைகளும் அந்தப் பட்டியலில் உண்டு. லேப்டாப்புகளுக்கு 2026 ஏப்ரல் 28 முதல். டைப்-சி போர்ட் கட்டாயம். 5 வோல்ட்டுக்கு மேலோ, 3 ஆம்பியருக்கு மேலோ, 15 வாட்டுக்கு மேலோ ஏறும் கருவி பவர் டெலிவரியையும் ஏற்கவேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைப்பும் 2023-இல் டைப்-சிக்கு இந்தியத் தரத்தை வெளியிட்டது. இவை பெரிய நிறுவனங்களைத் திருத்தும். நூறும் இருநூறுமாகச் செய்து விற்கும் சிறு குழுக்களின் கணினிகளையும், ஏற்கெனவே நம் கையில் இருப்பவற்றையும் நாமே சோதித்துக்கொள்ள வேண்டியதுதான்.

சோதனை கடினமில்லை. இரு முனையும் டைப்-சி ஆன வயரில் போட்டுப் பார்க்கவும். பிறகு பிளக்கைத் திருப்பிச் செருகிப் பார்க்கவும். பிறகு லேப்டாப்போடு வந்த தடித்த கேபிளில் இரண்டையும் மறுபடி செய்யவும். நான்கு முறையும் ஏறினால் ரெசிஸ்டர்கள் இருக்கின்றன, சரியாகவும் இருக்கின்றன.

ஏறவில்லையென்றால், கை பழகியவர்கள் தாங்களே சரிசெய்யலாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சேதிமுனைக்கும் தரைமுனைக்கும் இடையே ஒரு 5,100 ஓம் ரெசிஸ்டரை ஒட்டவேண்டும். இரண்டு முனைக்கும் இரண்டு. மின்முனையும் தரைமுனையும் மட்டுமே உள்ள மலிவு போர்ட் என்றால் போர்ட்டையே மாற்றவேண்டியிருக்கும். ஒட்டி முடித்ததும் மல்டிமீட்டரை வைக்கவும். ஒவ்வொரு சேதிமுனையும் தரைக்கு 5,100-ஐ ஒட்டிய எண்ணைக் காட்டவேண்டும். இரண்டு சேதிமுனைகளுக்கும் நடுவே அளந்தால் 10,200-ஐ ஒட்டி வரவேண்டும். அங்கே பூஜ்யம் காட்டினால் இரண்டும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பை 4-இன் கோளாறு அப்படியே அந்தப் பலகையிலும் இருக்கிறது.